கம்பீரமாக ஒரு அப்பா

மனித உடம்பு மண்ணுக்குப் போகும். முகம் மட்டும் காலத்தை வென்று நிற்கும். அப்படி நிற்க வைக்கும் பொறுப்பை ஆண்டவன் இந்த உலகத்தில் மிகச் சிலரிடமே ஒப்படைத்திருக்கிறான். தர்மபுரியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த அப்துல் சுபான் இதை மனசார நம்பினார். யாருடைய முகம் யாருக்காக நிற்கிறது என்பதில்தான் கொஞ்சம் தாராளமாக இருந்துவிட்டார்.

மற்ற விஷயங்களில் அவர் கறார். குடும்பமாக வந்தால் ஆண் நாற்காலியில், மனைவி பக்கத்தில் நின்றபடி, குழந்தை கையில் பிளாஸ்டிக் பூ. பின்னால் ஏரியும் ஓடமும் வரைந்த திரை. "சிரிக்காதீங்க, இது குடும்பப் படம்" என்பார். புதுசாகக் கல்யாணமானவர்கள் வந்தால் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் பூச்சாடி வைப்பார். ஜோடி நெருங்கவும் கூடாது, சண்டை போட்டவர்கள் மாதிரி தெரியவும் கூடாது. அதற்குப் பூச்சாடிதான் அளவு.

சிக்கல், கையில் புதுசாகக் காசு சேர்ந்தவர்களால் வந்தது. மில் வைத்தவர்கள், மண்டி வைத்தவர்கள், லாரி வாங்கியவர்கள். இவர்கள் எல்லாம் காரை வீடு கட்டினார்கள். கட்டிய வீட்டில் கூடம் இருந்தது. கூடத்தில் பெரிய சுவர் இருந்தது. அந்தச் சுவரில் மாட்ட அப்பா இல்லை. அப்பாக்கள் எல்லாம் கேமராவைக் கண்ணால் பார்க்காமலே செத்துப் போயிருந்தார்கள்.

"படம் ஏதும் இல்லாட்டி பரவாயில்லீங்க, வரைஞ்சு குடுத்தர்லாம். அப்பா மூஞ்சி எப்புடிங்க இருக்கும்?" என்று கேட்பார் சுபான்.

"கம்பீரமா இருக்கும்."

"வேற ஏதாச்சும் அடையாளம்?"

வந்தவர் கூரையைப் பார்த்து நன்றாக யோசிப்பார். "ரொம்பக் கம்பீரமா இருக்கும் பாய்."

சுபானிடம் இருந்த நெகட்டிவ்களில் கம்பீரம் ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. முறுக்கிய மீசை, இடது புருவத்தில் ஒரு வெட்டு, எதிரில் இருப்பவனை எரித்துவிடுகிற மாதிரி பார்வை. அந்த ஆள் யார் என்பது சுபானுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. அதையே பெரிதாகப் போட்டு, தலையில் ஜரிகைத் தலைப்பாகை வரைந்து ஏரியூர் நஞ்சப்பனுக்குக் கொடுத்தார். அதையே இன்னொரு தடவை போட்டு, நெற்றியில் திருநீறும் காதில் கடுக்கனும் தீட்டிப் பாப்பிரெட்டிப்பட்டி தீர்த்தகிரிக்குக் கொடுத்தார். இரண்டு பேருமே படத்தைப் பார்த்ததும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேருமே, "அப்படியே எங்கய்யாதான்" என்றார்கள். ஏரியூர் மேற்கே காவிரிப் பக்கம். பாப்பிரெட்டிப்பட்டி கிழக்கே மலையடிவாரம். நடுவில் ஒரு மாவட்டமே கிடக்கிறது என்ற தைரியம் சுபானுக்கு.

அறுபத்தொன்பதாம் வருஷம் வைகாசியில் தீர்த்தகிரியின் மகள் ராஜாமணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப அவளைப் படம் எடுத்ததே சுபான்தான், அதுவும் இரண்டு தடவை. முதல் சம்பந்தம் நிச்சயத்தோடு நின்றுபோயிற்று. அதற்கு ஊர் தன் இஷ்டத்துக்குக் காரணம் சொல்லியது. இரண்டாவது படத்துக்கு வந்தபோது அவள், "நல்லா விழுந்துருமாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சுபான் பையும் கேமராவுமாகப் பந்தலுக்குள் நுழைந்தபோது, மணவறைக்குப் பக்கத்தில் தேக்கு நாற்காலியில் ரோஜா மாலை போட்டுக்கொண்டு அந்தப் படம் உட்கார்ந்திருந்தது. நெல் மில் முதலாளி தீர்த்தகிரி, வந்தவர்களுக்கு அதன் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெள்ளக்காரக் கலெக்டர் தொரை சித்தேரி மலைக்கு வேட்டைக்கு வந்தாரு. எங்கப்பாவைப் பாத்ததும் அப்புடியே குதிரைய நிறுத்திட்டாரு. இப்புடி ஒரு மூஞ்சிய எங்க சீமையிலயே பாத்ததில்லேன்னு, தன் கையால எடுத்த படம்."

சுபான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

"மாப்பிள்ளை வூடு எந்த ஊருங்க மொதலாளி?"

"ஏரியூரு. கடலைக்காய் மண்டி நஞ்சப்பன் பையன். பொண்ணு பாத்ததும் நிச்சயமும் கோயில்லயே முடிஞ்சுது. பத்திரிகை வெச்சனே, படிக்கலியா?"

படிக்கவில்லை. பத்திரிகையில் தன் ஸ்டுடியோ பேர் அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இல்லாததால் மூடி வைத்துவிட்டார். இப்போது மணவறைப் பக்கத்துப் படத்தைப் பார்த்தார். வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றிக்கொண்டு யாராவது அவ்வளவு தூரம் வருவார்களா என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டார். அப்போது மாப்பிள்ளை வீட்டு லாரி வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் நஞ்சப்பன். அவர் மடியில், பட்டுத் துண்டு சுற்றிய சட்டம்.

சுபான் ஓடிப் போய்த் தீர்த்தகிரியின் படத்தைத் திருப்பி வைத்தார்.

"என்ன பாய் பண்றே?"

"கண்ணாடி க்ளேர் அடிக்குதுங்க. பொண்ணு மூஞ்சி விழாது."

"எங்கப்பா மூஞ்சி விழுந்தாப் போதும். நேரா வெய்யி."

நேராக வைத்துவிட்டு லாரிக்கு ஓடினார்.

"வெயில் பட்டா சாயம் மங்கிருங்க. துண்ட அவுக்காதீங்க, அப்புடியே இருக்கட்டும்."

நஞ்சப்பன் அவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "நீதானா படம் புடிக்கிறது? நல்லதாப் போச்சு. வாயத் தொறந்துறாத பாய். மைசூரு அரமனைப் படக்காரன் எடுத்ததுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

துண்டை அவிழ்த்துக்கொண்டே பந்தலுக்குள் நடந்தார். தீர்த்தகிரி கும்பிட்டு வரவேற்று, பெரிய மனசோடு, "ரெண்டு பெரியவங்களும் பக்கத்துல பக்கத்துலயே இருக்கட்டுங்க சம்பந்தி" என்றார்.

இருந்தார்கள்.

மாப்பிள்ளையும் பெண்ணும் மணையில் உட்கார்ந்ததும், சுபான் கேமராவை இடுப்பில் அணைத்துக் குனிந்து அதன் மேல்புறக் கண்ணாடியைப் பார்த்தார். ஒரே ஆள் தலைப்பாகையோடும் தலைப்பாகை இல்லாமலும் அவரையே முறைத்தார். நிமிரப் பயந்து குனிந்தபடியே நின்றார்.

மணப்பெண்ணின் பெரியம்மா மாதம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தது. "ஏனுங்க, ரெண்டு பெரியவங்களும் கூடப் பொறந்தவங்களாட்டம் இருக்காங்க."

நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் திரும்பிப் படங்களைப் பார்த்தார்கள். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.

ஊரில் எந்தப் பஞ்சாயத்து என்றாலும் கூப்பிடாமலே வந்து நடுவில் உட்காருகிற தர்மன் எழுந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்தப் படத்தின் புருவத்தைத் தொட்டார்; அந்தப் படத்தின் புருவத்தைத் தொட்டார்.

"எடது புருவத்துல வெட்டு. ரெண்டுலயும் இருக்குது. ஒரே ஆளு."

"ஒரே ஆளுன்னா?"

"ஒரே பாட்டன். ஒரே பாட்டன்னா பங்காளி. பங்காளி வூட்ல பொண்ணு குடுக்கறதுண்டா? பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சியில்ல ஆவுது."

நாதஸ்வரம் பாதியில் நின்றது. தவில்காரருக்கு விஷயம் எட்டாததால் அவர் மட்டும் கொஞ்சம் அடித்துவிட்டு நிறுத்தினார். ஐயர் நெய்க்கரண்டியைக் கீழே வைத்தார். மணையில் இருந்த மாப்பிள்ளை, தனக்கே தெரியாமல், ராஜாமணியிடமிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

அதன்பிறகு பந்தலில் ஞாபகசக்தி பெருக்கெடுத்தது. "பெரியவரு மாடு வாங்கறேன்னு காவேரிப் பக்கம் போவாரு. போனா லேசுல திரும்ப மாட்டாரு" என்றது பெண் வீட்டுப் பக்கம். "எங்க ஆயா சொல்லும், தாத்தனுக்கு மலையோரமா என்னமோ காடு கழனி இருந்துச்சுன்னு. யாரும் போயிப் பாத்ததில்ல" என்றது மாப்பிள்ளை வீட்டுப் பக்கம். அந்தப் பெரியவருக்கு இரண்டாவது குடும்பம் ஒன்று அமைந்துவிட்டது. எது மூத்த தாரம் என்பதில் பேச்சு சூடேறியது.

தீர்த்தகிரி சுபானின் சட்டைக் கையைப் பிடித்துச் சமையல் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப் போனார். 

"யோவ் பாய், சம்பந்தியோட அப்பனையா எனக்குக் குடுத்தே? இத்தன நாளா அவுங்கப்பனுக்கா நான் சூடம் காட்டிட்டிருந்தேன்?"

சுபான் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கமிருந்து நஞ்சப்பன் வந்தார். அவரும் சுபானைத் தேடித்தான் வந்தார். "பாய், அவுங்கப்பன் படத்தப் போயி..." என்று ஆரம்பித்தவர் தீர்த்தகிரியைப் பார்த்து நின்றுவிட்டார்.

இரண்டு சம்பந்திகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நீங்களும் இங்கேதான் வாங்கினீர்களா என்று இரண்டு பேர் முகத்திலும் எழுதியிருந்தது. இரண்டு பேரும் கேட்கவில்லை. சோற்றுக் குண்டானிலிருந்து ஆவி பறந்தது.

"கலெக்டர் தொரைன்னு ஊருக்கே சொல்லிட்டேனே" என்றார் தீர்த்தகிரி, தரையைப் பார்த்து.

"நான் அரமனைன்னுட்டேன்" என்றார் நஞ்சப்பன்.

பிறகு இரண்டு பேரும் சுபான் பக்கம் திரும்பினார்கள். "நீ போயிச் சொல்லு."

சொன்னால் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான். சொல்லாமல் இருந்தால்? அவர் பந்தலை எட்டிப் பார்த்தார். மாதம்மாள் மணவறையில் ஏறி, ராஜாமணியின் தோளைத் தொட்டு, "எந்திரி கண்ணு, முகூர்த்தமே போவப் போவுது, இதுக்கு மேல என்ன" என்றாள். ராஜாமணி எழவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. மணைப் பலகையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சுபான் முடிவு எதுவும் எடுக்கவில்லை. கால் அவரைப் பந்தலுக்குள் கொண்டுபோனது. வாய் அவரை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது.

"பொண்ணு எந்திரிக்க வேண்டாங்க. இவரு ரெண்டு வூட்டுக்கும் ஒண்ணும் ஆவாதுங்க. ரெண்டு பேருக்குமே அப்பா இல்லீங்க."

"பின்ன யாரு?" என்றார் தர்மன்.

"எங்க மாமனாருங்க. சர்தாருன்னு பேரு. தர்மபுரி பஸ் ஸ்டாண்டாண்ட பெட்ரோமாக்ஸ் லைட்டு ரிப்பேர் கடை வெச்சிருக்காரு. ஸ்டுடியோவுக்குப் புது லைட்டு வாங்கினப்போ டெஸ்ட் பண்ண ஒக்கார வெச்சேன். கடையத் தொறந்து போட்டுட்டு வந்தமேன்னு கோவமா இருந்தாரு. அதான் அந்தப் பார்வை."

தர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐயர்தான் மெதுவாகக் கேட்டார். "எப்போ காலமானார்?"

"ஆவலீங்க சாமி. நேத்து மத்தியானம் எங்க வூட்லதான் சாப்பிட்டாரு."

பெண்கள் பக்கத்திலிருந்து, அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு சத்தம் வந்தது. நஞ்சப்பனின் மனைவி. "அமாவாசைக்கு அமாவாசை கோழி அடிச்சுப் படைச்சேனே" என்றாள். தீர்த்தகிரியின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் அந்தப் படத்தைப் பார்க்காமல் காலையில் காபி குடித்ததில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு மாலை போட்டதா, அந்த உயிர் தர்மபுரியில் மண்ணெண்ணெய் வாசத்தோடு நடமாடுவதா, எது பெரிய அதிர்ச்சி என்று பந்தலுக்குப் பிடிபடவில்லை. சீமைக் கலெக்டரையும் மைசூர் அரண்மனையையும் பற்றி யாரும் கேட்கவில்லை. அதுதான் இரண்டு சம்பந்திகளையும் அதிகமாக வதைத்தது.

தீர்ப்புச் சொல்லாமல் ஒரு சபையை விட்டு எழுந்த பழக்கம் தர்மனுக்கு இல்லை. தொண்டையைச் செருமினார்.

"அப்போ பாட்டனும் இல்ல, பங்காளியும் இல்ல. மொறை சரி. ஐயரே, ஆவட்டும்."

தவில்காரர் இந்த முறை எல்லோருக்கும் முன்னால் ஆரம்பித்தார். மாப்பிள்ளை திரும்ப நகர்ந்து வந்து, பழைய இடத்தைவிடக் கொஞ்சம் நெருக்கமாகவே உட்கார்ந்தான். தாலி ஏறியது. ராஜாமணி அப்போதுதான் பலகையை விட்டாள். சுபான் பல்பைப் பளிச்சிட வைத்தார். யாரோ இரண்டு படங்களையும் எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் குப்புற வைத்துவிட்டார்கள்.

சுபான் சாப்பிடவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. பஸ்ஸில் ஊர் திரும்பியவர், ஸ்டுடியோ கதவில் ஒரு பலகையை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, அடிக்க வருகிறவர்களுக்காகக் காத்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டு முதலில் வந்தது சர்தார்.

"எனக்குத் தலப்பா வேற கட்டினியாமே மாப்ளே" என்றார். "ஊரெல்லாம் என் படத்தக் குடுத்தே. எனக்கு ஒரு காப்பி குடுக்கலியே."

அடுத்து வந்தது ராஜாமணியும் அவள் புருஷனும், ஜோடிப் படம் எடுக்க. சுபான் முகத்தைத் தூக்கவே இல்லை. பூச்சாடியை நடுவில் வைத்து, வழக்கம்போல, "சிரிக்காதீங்க" என்றார். அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். அவர் அப்படியே எடுத்துவிட்டார்.

அவர்கள் போகும்வரை வாசலிலேயே நின்றிருந்த ஒருவர், பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். நல்லம்பள்ளிக்காரர். அந்தக் கல்யாணத்தில் முதல் பந்தியில் சாப்பிட்டவர். அடி விழப்போகிறது என்று சுபான் மனசுக்குள் கலிமா சொல்லிக்கொண்டார்.

"வூடு கட்டியிருக்கேன் பாய்" என்றார் வந்தவர். "கூடத்துல எங்கப்பா படம் ஒண்ணு மாட்டோணும். அந்த மூஞ்சி வேண்டாம், அது எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சு. வேற கம்பீரம் ஏதாச்சும் இருக்குதா?"

சுபான் சுவர்க் கண்ணாடியில் மீசையில்லாத தன் முகத்தைப் பார்த்தார். "அவசரமுங்களா?"

"இல்ல இல்ல. ஆவணியிலதான் குடி போறோம்."

"அப்போ ஆவுமுங்க" என்றார் சுபான்.

மறுநாள் காலையிலிருந்து அவர் மேலுதட்டில் கத்தி வைப்பதை நிறுத்திவிட்டார்.