சத்தம் வெட்டுது

ஞானமேரி கஞ்சிக் கரண்டியை உதட்டருகே கொண்டுபோனபோது அமிர்தசாமி அதைப் புறங்கையால் தள்ளினார். அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறை. அவருடைய தம்பி சின்னராஜ் அங்கே சிவப்புக் காரை மறுபடி கிளப்பியிருந்தான்.

"ஏனுங்க, ஒரு வாய் குடிச்சுப்போட்டுக் கேளுங்க."

"சும்மா இரு புள்ள."

எஞ்சின் ஒரு நிமிடம் சீராக ஓடியது. திணறியது. தானாக வேகமெடுத்தது. பட்டென்று நின்றது.

காலையில்தான் பங்குச் சாமியார் வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நுரையீரலுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சேலத்து டாக்டர் சொல்லி எட்டு நாளாகிறது. சங்ககிரியில் இருபது வருஷமாக லாரி எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிய மனிதர் அமிர்தசாமி. கடைசியாக அவர் கைக்கு வந்தது, ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெங்கடாசலத்தின் கார். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் வாங்கியது. இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார். ஆக்ஸிலேட்டரை விட்டால் ஸ்லோவில் ஓடாமல் அணைந்துவிடும். மலையேறினால் இழுவை போய்விடும். பெட்ரோல் கலந்து விடும் இரண்டு கார்புரேட்டரையும் மூன்று முறை கழற்றிப் பூட்டியும் பலனில்லை. அதற்குள் அவர் படுத்துவிட்டார். "லாரி பாக்கறவங்கிட்ட இதைக் குடுத்தனே, என்னையச் சொல்லோணும்" என்று வெங்கடாசலம் டீக்கடையில் சொன்னது அவர் காது வரைக்கும் வந்திருந்தது. இன்று நான்கு மணிக்கு லாரி கொண்டுவந்து காரைக் கட்டி இழுத்துப்போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

"சின்னராசக் கூப்புடு."

அவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றான்.

"பெட்ரோல் பத்துலீன்னா சத்தம் தேஞ்சு தேஞ்சு நிக்கும்டா. இது வெட்டுது." அமிர்தசாமி மூச்சு வாங்கினார். "நானும் கார்புரேட்டரயே கட்டீட்டு அழுதுட்டேன். கரண்டு வுட்டு வுட்டு வருது. டிஸ்ட்ரிபியூட்டரப் பாரு."

"பாத்துட்டனுங்கண்ணா. பாயிண்டு புதுசு. ஒயரெல்லாம் நல்லாத்தான் இருக்குது."

"கண்ணுல பாத்தியா, கையில பாத்தியா?"

சின்னராஜ் காய்த்துப்போன தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். அமிர்தசாமி மனைவியைப் பார்த்தார்.

"நீ போ மேரி. உன்ற வெரலுக்குத் தெரியும்."

கோயிலுக்கு அங்கிகள் தைப்பவள் அவள். பட்டறைக்கு டீ கொண்டுபோனதைத் தவிர அங்கே ஒரு நட்டைக்கூடத் தொட்டதில்லை. அவரை விட்டுப் போக மனமில்லாமல் கொஞ்சம் நின்றாள். அவர் வாசலைக் கைகாட்டினார். போனாள்.

அவள் எஞ்சின்மேல் குனிந்திருந்தபோது வெளியே லாரி வந்து நின்றது. "ஏப்பா சின்னராசு, இதென்ன கூத்து?" என்று வெங்கடாசலம் உள்ளே வந்தார். அவள் நிமிரவில்லை. சின்னராஜ் மூடி கழற்றிக் காட்டிய, கிண்ணம் போலிருந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள், சுண்டுவிரல் நீளத்தில் துணியுறை போட்ட ஒயர் ஒன்று கிடந்தது. இரண்டு முனையையும் நகத்தால் பிடித்து மெல்ல இழுத்தாள். உறை நீண்டு கொடுத்தது. நடுவில் ஓரிடம் வெறும் துணியாக நெகிழ்ந்தது.

"தம்பி, இது உள்ளுக்குள்ள அந்து கெடக்குது."

சின்னராஜ் உறையைக் கீறினான். செம்புக் கம்பிகள் துண்டாகி, முனையோடு முனை ஒட்டிக்கொண்டிருந்தன. எஞ்சின் குலுங்கும்போதெல்லாம் விலகியிருக்கின்றன. அவன் புது ஒயரை வெட்டி ஈயம் வைத்துப் பற்றவைத்தான்.

எஞ்சின் கிளம்பியது. அணையாமல் ஓடிக்கொண்டேயிருந்தது, ஒரே சுருதியில். வெங்கடாசலம் கதவுக்குக் காத்திராமல் காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். "ஏறப்பா, ஏத்தத்துல பாத்துருவோம்!"

ஞானமேரி உள்ளே ஓடி அமிர்தசாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கார் மலைப் பக்கத்து ரோட்டில் போவது கேட்டது. கியர் மாறும்போதெல்லாம் அவர் விரல் அவள் உள்ளங்கையை அழுத்தியது. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு ஏற்றம். சத்தம் கனத்து மேலே மேலே போனது. வெட்டவில்லை.

"கேக்குதா?"

"கேக்குதுங்க."

"டாப்பு கியர்லயே ஏறுது புள்ள." அவர் சிரித்தார். பல்லெல்லாம் தெரிய, கல்யாணத்தன்று சிரித்தது போல.

கார் திரும்பி வந்தபோது அவளுடைய கையில் அழுத்தம் இல்லை.

"அண்ணா, டாப்புலயே ஏறீருச்சுங்கண்ணா!" என்று கத்திக்கொண்டு சின்னராஜ் ஓடிவந்தான். பின்னாலேயே வெங்கடாசலம். ஞானமேரி நிலைப்படியில் வந்து நின்றாள்.

"அவருக்குத் தெரியும் தம்பி," என்றாள். "கேட்டுட்டுத்தான் போனாரு."

மறுநாள் காலை சவப்பெட்டியைத் தோளில் தூக்கி, கோயில் பாட்டுப் பாடிக்கொண்டு கல்லறைக்குப் போனார்கள். பின்னால் வெங்கடாசலம் காரை நடைவேகத்தில் ஓட்டிவந்தார். பக்கத்தில் ஞானமேரி. ஏறிக்கொள்ளும்படி அவர்தான் கேட்டார்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூடவே தூக்கிவந்த பெஞ்சில் சவப்பெட்டியை இறக்கினார்கள். பாட்டு நின்றது. வெங்கடாசலம் சாவிப் பக்கம் கையை நீட்டினார்.

"நிறுத்தாதீங்க," என்றாள் ஞானமேரி. "ஓடட்டும்."

கூட்ஸ் வண்டி வெகுநேரம் போனது. அதன் கடைசிப் பெட்டி கடந்தபின்னும் காரின் சத்தம் அப்படியே இருந்தது. பின்னால் வரிசையாக நின்றிருந்த லாரிகள் ஒவ்வொன்றாக எஞ்சினை நிறுத்தின. டிரைவர்கள் இறங்கி ரோட்டில் நின்றார்கள். கேட்டைத் திறக்க வந்தவர் கம்பியில் கை வைத்தபடி, திறக்காமல், கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.