யார் இறங்கச் சொன்னது

காகித ஆலையின் கழிவுத் தொட்டிக்குள் மயங்கி விழுந்த ஃபிட்டரை இறங்கிப்போய் மேலே தள்ளிவிட்டு, வெல்டர் உள்ளேயே விஷவாயுவில் செத்துப்போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. பிழைத்தது பெரிய பாக்கியம் என்று வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஃபிட்டருக்கோ சாப்பிடுகிற ஒவ்வொரு கவளமும் திருடித் தின்பதுபோல் இருந்தது. ஜெபம் செய்ய வாய் வரவில்லை. பல்தான் கடிபட்டது.

ஞாயிறு ஆராதனையில் அந்த ஆத்திரம் வெடித்தது. சிலுவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த போதகர், பேச்சை வெல்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினார். இந்தத் தம்பிக்காக ஒருவர் இறங்கினார், நமக்காக ஆண்டவர் இறங்கினார் என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஃபிட்டரை எழுந்து நிற்கச் சொல்லி, அந்த அன்புக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். சபையே திரும்பிப் பார்த்தது.

"நான் கேட்கலையே," என்றான் ஃபிட்டர். "அவரை யாரு இறங்கச் சொன்னது?" சுவரில் இருந்த சிலுவையைக் கை காட்டினான். "இவரைத்தான் யாரு இறங்கச் சொன்னது? அவங்க பாட்டுக்கு உயிரை விட்டுட்டாங்க. சுமக்கிறது நானு."

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு வெளியே வந்தான். கால் போன போக்கில் நடந்தவன், இத்தனை நாளும் தவிர்த்து வந்த தெருவுக்குள்ளேயே நுழைந்துவிட்டான்.

வெல்டரின் மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்து யாருடைய கால்சட்டைக்கோ விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். அவன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். "நான் செத்திருக்கணும் அண்ணி," என்றான்.

மிஷின் நின்றது.

"இன்னொரு தடவை அதைச் சொன்னே, கத்தரிக்கோலாலேயே அடிப்பேன். அவர் போனது வீணுன்னு என் வாசல்லயே வந்து சொல்றியா?"

ஒரு நாளாவது எட்டிப் பார்த்தாயா என்று கேட்டாள். தானும் ஆண்டவரோடு சண்டை போட்டு ஓய்ந்துவிட்டதாகவும், அவர் வாயே திறக்கவில்லை என்றும் சொன்னாள்.

"உன்னை எடை போட்டுப் பார்த்துட்டா அவர் இறங்கினாரு? அந்த மனுஷனுக்கு எடை போடவே தெரியாது. ஆண்டவருக்கும் தெரியாது. எனக்கு ஆத்திரமே அதுலதான். நான் கும்பிடறதும் அதைத்தான்."

பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தொட்டி பம்பு மறுபடி அடைத்துக்கொண்டதை அவனுக்குச் சொன்னாள். நாளைக் காலையில் ஒப்பந்த ஆள் ஒருவனை இறக்கப்போகிறார்களாம். கயிறும் இல்லை, காற்றடிக்கும் புளோயரும் இல்லை. அந்த ஆளின் மனைவி இவளிடம் வந்து புலம்பிவிட்டுப் போயிருந்தாள்.

"மூக்கைச் சிந்திக்கிட்டு உட்கார்ந்திருக்கவா உன்னை மேலே தள்ளினாரு?" என்றாள்.

மறுநாள் காலை ஃபிட்டர் போனபோது, ஒப்பந்த ஆள் தொட்டி ஓரத்தில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஃபிட்டர் இரும்பு மூடியை இழுத்துச் சாத்தி, அதன்மேல் உட்கார்ந்தான். மேற்பார்வையாளர் முதலில் நயமாகப் பேசினார், பிறகு கத்தினார். பத்து நிமிஷ வேலை என்றார்.

"எனக்கும் அப்படித்தான் சொன்னீங்க. புளோயர் வரட்டும், பெல்ட்டும் கயிறும் வரட்டும். அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

மேலாளர் வந்தார். சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றார். வெயில் ஏறி மூடி அடுப்பாய்ச் சுட்டது. ஆனால் நாற்பது நாளாக அவனையே தின்றுகொண்டிருந்த கோபத்துக்கு இப்போதுதான் ஒரு போக்கிடம் கிடைத்திருந்தது. அவன் தலை நிமிராமல் முணுமுணுத்தான்: 'கேட்காமலே இறங்கினீர். நானும் யாரும் கேட்காமலே உட்கார்ந்திருக்கேன். இனி நீர் பார்த்துக்கொள்ளும்.' வெல்டர் செத்த பிறகு அவன் செய்த முதல் ஜெபம் அதுதான்.

மதியத்துக்குள் இயந்திரக்கூடத்திலிருந்து நாலு பேர் வந்து பக்கத்தில் நின்றார்கள். உற்பத்தி நின்றுபோகும் என்ற நிலை வந்ததும் வாடகை வண்டியில் புளோயர் வந்து இறங்கியது. ஒரு மணி நேரம் காற்றடித்து, வாயுவைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒப்பந்த ஆளை விலக்கிவிட்டு ஃபிட்டரே பெல்ட்டைக் கட்டிக்கொண்டான்.

வெல்டர் விழுந்து கிடந்த அதே தரை. சேற்றில் முழங்காலிட்டால்தான் பம்பைக் கழற்ற முடியும். முழங்காலிட்டான். ஸ்பானரைத் திருகிக்கொண்டே வெல்டரை வாய்க்கு வந்தபடி திட்டினான். கடைசி போல்ட் கழன்றபோது அழுதுகொண்டிருந்தான். மேலே கயிறு பிடித்திருந்தவர்கள் நலமா என்று கேட்டார்கள். இருக்கிறேன் என்றான்.

மறுநாள் அவனை வேலையைவிட்டு நீக்கினார்கள். புளோயரை மட்டும் யாரும் திருப்பி அனுப்பத் துணியவில்லை.