ஏழு பூச்சு வார்னிஷ்

கைகழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த தச்சரின் நெற்றியில் சொட்டென்று விழுந்தது கறுப்புத் தண்ணீர். எட்டு மாதத்துக்கு முன், தொட்டியைத் தாங்க அவர் இழைத்துப் பொருத்திய மரப்பலகை, குழாயைச் சுற்றி ஊறிய ரஸ்க் மாதிரி உப்பியிருந்தது. பக்கத்தில் அக்கா டார்ச் பிடித்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

கூடத்தில் அத்தான் போனில் இருந்தார். கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பதவிக்குத்தான், வாய்க்கு இல்லை. சோப்பு வாங்கப் போனாலும் முன்னுரை, முடிவுரை உண்டு.

"பச்சை மரம் சார். சொந்த மச்சானாச்சேன்னு நம்பினேன். உங்க புது வீட்டுக்கு வேற ஆளைப் பாருங்க. இருங்க, நேர்லயே பார்த்துச் சொல்றேன்."

அந்தப் புது வீட்டின் கதவு, ஜன்னல், அலமாரி அத்தனையும் தச்சர் செய்வதாக இருந்தது. ஆறு மாத வேலை. ஒரே போனில் அதுவும் போயிற்று, இருபது வருஷப் பெயரும் போயிற்று.

பச்சை மரமாம். இரண்டு வருஷம் நிழலில் உலர்த்திய பலகை. பொருத்தும்போதே படித்துப் படித்துச் சொன்னார்: "முதல்ல குழாய்க்கு ஓட்டை போடுங்க அத்தான், அப்புறம் வார்னிஷ். ஓட்டைக்கு உள்ள, பலகைக்கு அடியில, ஒரு இடம் விடக்கூடாது. நானே அடிச்சுத் தரேன்." அத்தான் விடவில்லை. ஆராய்ச்சி செய்திருந்தாராம். மேல்பக்கம் மட்டும் ஏழு பூச்சு. ஒவ்வொன்றுக்கும் உப்புத்தாள் தேய்ப்பு, ஒவ்வொன்றுக்கும் குடும்ப வாட்ஸப்பில் ஒரு படம். முகம் பார்க்கலாம் போல் பளபளத்தது. பார்க்க வேண்டிய முகமும் அவருடையதுதானே.

போனைக் கையில் பிடித்தபடியே அத்தான் குளியலறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன மச்சான், உன் மரம் குணத்தைக் காட்டிடுச்சா?"

"ஓட்டைக்குள்ள ஒரு பொட்டு வார்னிஷ் இல்ல அத்தான். தண்ணி அது வழியாத்தான் இறங்கியிருக்கு."

"கண்ணுக்குத் தெரியாத இடத்துல எவனாவது பூசுவானா? அதோட, ஓட்டை போட்டது நீ. நீதான் பூசியிருக்கணும்."

தச்சர் அப்படியே எழப்போய்த் தொட்டியில் தலையை இடித்துக்கொண்டார். ஏழாவது பூச்சு காய்ந்த பிறகு டிரில்லை எடுத்துக் குடைந்தது யாரென்று இந்த வீட்டில் ஒருத்திக்குத் தெரியும். அன்று மரத்தூளைக் கூட்டியவள் அவள்தான்.

"யார் போட்டதுன்னு நீயே சொல்லுக்கா."

அக்கா டார்ச்சை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். முப்பது வருஷமாக இந்த வீட்டில் பேச்செல்லாம் ஒருத்தருக்கே செலவாகிவிட்டது. தச்சருக்கு இப்போது அத்தானைவிட அவள்மேல்தான் ஆத்திரம் பொங்கியது.

"அவளை எதுக்கு இழுக்குற? பார்த்தது போதும், டார்ச்சை அணை," என்றார் அத்தான்.

அக்கா அணைக்கவில்லை. வெளிச்சத்தைத் துளையின் விளிம்புக்கு நகர்த்தினாள். வெறும் மரம், கறுத்து, நார் நாராக.

"சார் இன்னும் லைன்லதான இருக்காரு?" என்றாள்.

டார்ச் இல்லாத கையை அத்தானை நோக்கி நீட்டினாள். போனுக்குள்ளிருந்து யாரோ "ஹலோ, ஹலோ" என்றார்கள். துளையின் விளிம்பில் அடுத்த துளி திரண்டுகொண்டிருந்தது.