நாற்பத்தாறுக்கு முடிந்த பேரம்

வைத்திலிங்கத்தை எங்களுக்குக் கொடுத்தது சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட். தனியார் பஸ்களுக்கு ஆள் கூப்பிடுவது அவன் தொழில். "கடலூர் கடலூர் கடலூர், பாண்டி பாண்டி, ஏறு ஏறு ஏறு" என்று அவன் ஒரு குரல் விட்டால், காட்டுமன்னார்கோயிலுக்குப் போக வந்தவன்கூட ஒரு நொடி தன் ஊரைச் சந்தேகப்படுவான். என் ஜவுளிக்கடை பஸ் ஸ்டாண்டுக்கு நாலு கடை தள்ளி. கல்லாவில் உட்கார்ந்தபடி, அவன் கூவலை வைத்தே எத்தனை மணிக்கு எந்த வண்டி போகிறது என்று சொல்லிவிடுவேன். அந்தக் குரலைப் படகில் வைத்தால் என்ன என்று முதலில் கேட்டவனும் நான்தான்.

எங்கள் துடுப்புக் கழகம் கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் இருக்கிறது. எட்டுப் பேர் துடுப்புப் போடுவோம். ஒன்பதாவது ஆள் படகின் வால்பக்கம் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, திசை பிடித்து, தாளம் சொல்லிக் கத்த வேண்டும். எட்டுப் பேரும் வியாபாரிகள். மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டி, கருவாடு, டைல்ஸ், ஜவுளி. அடுத்தவன் சொல்லி எதையும் செய்து பழக்கமில்லாதவர்கள். கரையில் இருக்கும்வரை வைத்தி எங்கள் கேப்டன் இளவரசை "மொதலாளி" என்பான், என்னை "பாய்" என்பான். படகு நகர்ந்துவிட்டால் நாங்கள் வெறும் நம்பர்கள். "எட்டு, அவசரப்படாத! ஒண்ணு, தூங்குறியா?" எட்டு என்பது கேப்டன், ஒண்ணு நான்.

அந்த இடத்துக்காகத்தான் அவன் ஞாயிற்றுக்கிழமை தோறும் முதல் பஸ் பிடித்துக் கடலூர் வந்தான். பஸ் ஸ்டாண்டில் அவன் குரலுக்கு ஏறுகிறவர்கள் யாரும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. இங்கே எட்டு முதலாளிகள் அவன் இழு என்றால் இழுத்தார்கள், நிறுத்து என்றால் நிறுத்தினார்கள். உலகத்தில் அவனுக்குக் கிடைத்த நாற்காலி அது ஒன்றுதான். ஒரு முழ அகலம், குஷன் கிடையாது.

கோடையில் எங்களுக்கு மூன்று பந்தயம். ஏப்ரல் கடைசியில் உப்பனாறு, மே நடுவில் கிள்ளை உப்பங்கழி, கத்திரி வெயில் முடிகிற வாரம் பரங்கிப்பேட்டை வெள்ளாற்றில் இறுதிப் போட்டி. இறுதியில் மட்டும் வால்பக்கத்து ஆளை எடை போடுவார்கள். ஐம்பது கிலோவுக்குக் குறைந்தால், குறைகிற எடைக்கு மணல் மூட்டை ஒன்றை மடியில் கொடுத்துவிடுவார்கள். ஆக, ஐம்பதுக்குக் கீழே ஒருவன் இளைத்தாலும் ஒன்றுதான், இளைக்காவிட்டாலும் ஒன்றுதான். இது எங்கள் எட்டுப் பேருக்கும் தெரியும். வைத்திக்குத் தெரியாது. அவன் வந்தது போன வருஷம், நாங்கள் இறுதி வரைக்கும் போகாத வருஷம்.

இந்த ஏப்ரலில் ஒரு மத்தியானம் சிதம்பரத்தில் இளவரசின் மல்லாட்டை மண்டியில் உட்கார்ந்திருந்தோம். வரத்து இல்லை. வியாபாரிக்கு வேலையில்லாத மத்தியானம் ஆபத்தானது. பயிற்சி நேரம் கேட்க வைத்தி வந்தான். ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி, ஐம்பத்து மூன்று கிலோ.

"வைத்தி, இந்த வருஷம் உன்ன உக்கார வைக்கறதா வாணாமான்னு யோசிக்கிறோம்" என்றான் இளவரசு.

"ஏன் மொதலாளி? இன்னா தப்பு பண்ணேன்?"

"தப்பில்லடா. வெயிட்டு. நாங்க எட்டுப் பேரும் நாக்குத் தள்ள இழுக்கறோம், நீ அம்பத்து மூணு கிலோவ தூக்கிக்கினு சும்மா வர. பாலிடெக்னிக்ல ஒருத்தன் கெடைச்சிருக்கான். நாப்பத்து நாலுதான்."

அப்படி ஒருவன் பாலிடெக்னிக்கிலும் இல்லை, வேறெங்கும் இல்லை. வைத்தியின் முகம் மாறியது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

"நாப்பத்தொம்போதுக்கு எறங்கறேன் மொதலாளி."

"வா, துண்டப் போடு" என்று கையை நீட்டினான் இளவரசு.

மாட்டுச் சந்தையில் செய்வது மாதிரி, வைத்தி இருவர் கைக்கு மேலும் துண்டைப் போட்டான். உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேச வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. நாங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வைத்திக்கு நெற்றியில் வேர்த்தது. ஒரு கட்டத்தில் கேப்டனின் விரலில் பாதியைப் பிடித்துக் கெஞ்சினானாம், அரை கிலோ விட்டுக்கொடுங்கள் என்று. நாற்பத்தாறுக்கு முடிந்தது.

அவன் தெரு திரும்பும்வரை அடக்கி வைத்துப் பிறகு சிரித்தோம். கருவாட்டு மண்டி சபாபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவனாவது சொல்லித் தொலைங்கடா, நெஜமாவே பட்டினி கெடப்பான்" என்றான்.

"அவனே கைய புடிச்சி முடிச்சது மச்சான். நாம ஏன் கலைக்கணும்?" என்றான் இளவரசு.

நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. துணி வாங்கிக்கொண்டு படி இறங்கிவிட்டவரைத் திரும்பக் கூப்பிட்டு, "கொஞ்சம் ஜாஸ்தியா குடுத்துட்டீங்க" என்று சொல்கிறவனை எங்கள் கடைத்தெருவில் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள்.

சனிக்கிழமைதோறும் மண்டித் தராசில் அவனை நிறுத்தினோம். மூட்டை எடை சொல்லும் கொளஞ்சிதான் எடை கூவுவான். "வைத்தி ஒரு மூட்ட... அம்பத்தொண்ணு முந்நூறு!" என்பான். "சாக்கு கழி, சாக்கு கழி" என்று சுமைதூக்குகிறவர்கள் கத்துவார்கள். வைத்தி சட்டையைக் கழற்றுவான். வாரம் போகப் போகச் சட்டைக்குள் இருந்தது குறைந்துகொண்டே வந்தது. நான்காவது சனிக்கிழமை விலா எலும்புகளை எண்ணிய கொளஞ்சி, "இது மல்லாட்டையா, வெறும் தோலா மொதலாளி?" என்றான். வைத்தியும் சேர்ந்து சிரித்தான். தராசு நாற்பத்தெட்டு காட்டியதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

உப்பனாற்றில் ஜெயித்தோம். கிள்ளையிலும் ஜெயித்தோம். அந்த இரண்டிலும் எடை போடுவதில்லை என்பதால், அவன் இளைத்தது எங்களுக்கு நிஜமாகவே லாபம்தான். "பாத்தீங்களா மொதலாளி, அஞ்சு கிலோவுக்கே இந்த ஓட்டம்!" என்று கரையில் குதித்தான். இரண்டாவது குதியில் தலை சுற்றி மணலில் உட்கார்ந்துவிட்டான்.

அதற்கடுத்த புதன்கிழமை அவன் மனைவி சத்யப்பிரியா கடைக்கு வந்தாள். கையில் ஒரு பேண்ட்.

"அண்ணே, சித்திரையில ஒங்க கடையில எடுத்தது. இடுப்புல நிக்கல. சின்ன சைஸா மாத்திக் குடுங்க."

"போட்டுத் தொவச்ச துணியம்மா."

"ஆள் எளைச்சா துணி இன்னா செய்யும்?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, மூணு வேளையும் மோரு. ராத்திரி எழுந்து தண்ணி குடிச்சிட்டு, அத வேற தப்புன்னு ஒக்காந்துக்கறாரு. கூவறதுக்குக் கூட சத்து இல்ல, பஸ்காரன் வேற ஆள் பாக்கறேன்றான். நெஜமாவே அவ்ளோ எடை கொறையணுமா? நீங்க சொன்னா கேப்பாரு."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் அவன் குரல், "கடலூர் கடலூர்" என்று. நாலு கடை தாண்டி வரும்போது அது கொஞ்சம் மெலிந்திருந்தது. ஆனால் வந்தது. ஜெயிக்கிற வருஷம், இரண்டே வாரம், எல்லோரும் சேர்ந்து செய்த வேடிக்கை, அதை நான் ஒருவன் ஏன் கெடுக்க வேண்டும்?

"கொறையணும்மா. போட்டின்னா அப்படித்தான்" என்றேன். இருபத்தெட்டு இடுப்பு ஒன்றை எடுத்து மாற்றிக் கொடுத்தேன். துவைத்த துணிக்குப் பதில் புதுத் துணி, இதுவரை யாருக்கும் செய்ததில்லை. அவள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

பரங்கிப்பேட்டையில் அன்று காலையிலேயே வெயில் சுட்டது. படகுத்துறையில் தராசு வைத்திருந்தார்கள். கமிட்டி ஆள் ஸ்ரீதர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எடை படித்தார்.

"நாப்பத்தஞ்சு எண்ணூறு."

வைத்தி எங்கள் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கினான். பேரத்துக்கு மேலேயே இருநூறு கிராம் கொடுத்திருந்தான்.

"நாலு கிலோ இருநூறு போடுப்பா" என்றார் ஸ்ரீதர். ஒருவன் மணல் மூட்டையை அளந்து கட்டி வைத்தியின் கையில் வைத்தான்.

"இன்னா சார் இது?"

"மணல். அம்பதுக்கு அவ்ளோ கொறையுது. மடியில வச்சிக்கங்க."

"கொறைஞ்சா நல்லதுதானே சார்?"

"யாரு சொன்னா? அம்பதுக்குக் கீழ எவ்ளோ கொறைஞ்சாலும் மணல வச்சி சமம் பண்ணிடுவோம். ஃபாரத்துக்குப் பின்னாடி போட்டிருக்கே, ஒங்க கேப்டன் கையெழுத்து போட்டிருக்காரே."

வைத்தி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். சபாபதிக்குத்தான் முதலில் சிரிப்பு பீறிட்டது. அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா மொதலாளி?"

"நீதானடா கைய புடிச்சி முடிச்ச" என்றான் இளவரசு, சிரிப்புக்கு நடுவே.

வைத்தி சிரிக்கவில்லை. மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பந்தயம் பத்து நிமிஷத்தில். ஃபாரத்தில் வால்பக்கத்துக்கு எழுதிய பெயர் இவன் ஒருவன்தான். மூட்டையைக் கீழே போட்டுவிட்டு இவன் நடந்துபோனால், இறுதியில் எங்களோடு மோதும் பாண்டிக்காரர்கள் துடுப்பைத் தொடாமலே ஜெயிப்பார்கள். சரக்கு அவனிடம், அவசரம் எங்களிடம். இளவரசுக்கும் அது உறைத்ததை அவன் சிரிப்பு நின்ற வேகத்தில் பார்த்தேன். அந்த நிமிஷம் வைத்தி எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம். கழகத்தில் உறுப்பினர் பதவி, மண்டியில் வேலை, எட்டுப் பேரும் வரிசையாக நின்று மன்னிப்பு, எதுவானாலும்.

அவன் கேட்டது இதுதான்: "அந்தப் பாலிடெக்னிக் ஆளு வரலல்ல? நான்தானே உக்கார்றேன்?"

"நீதான் வைத்தி, நீயேதான்" என்றான் இளவரசு.

அவன் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்தான். என் இருபது வருஷ வியாபாரத்தில் இவ்வளவு சல்லிசாக யாரும் எதையும் விட்டு நான் பார்த்ததில்லை.

கடல்காற்று எதிரே இருந்தது. பாதித் தூரத்தில் பாண்டிக்காரர்களைவிட அரைப் படகு முன்னால் இருந்தோம். துடுப்புப் போடுகிறவர்கள் எல்லோரும் வால்பக்கம் பார்த்துத்தான் உட்காருவோம். கேப்டன் வைத்திக்கு முகத்துக்கு முகம், நான் கடைசியில், மூக்குப் பக்கம். ஏழு பேரின் முதுகு எனக்குத் தெரியும். என்னைப் பார்க்க முடிந்தவன் வைத்தி மட்டும்.

"ஒண்ணு, ஆழம் போற!" என்றான். பழைய குரல் இல்லை, ஓரம் கிழிந்த குரல். ஆனால் வந்து சேர்ந்தது. வாரக் கணக்கில் பட்டினி கிடந்தவன் என் துடுப்பைக் குறை சொல்வதா என்று எரிச்சல் வந்தது. "ஒண்ணு, மேல எடு!" இரண்டாவது முறை. "ஒண்ணு!" மூன்றாவது முறை. அதோடு என் துடுப்பு கோணலாகத் தண்ணீருக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. பிடி என் வயிற்றில் இடித்தது. படகு மொத்தமும் உதறி நின்றது.

"கேக்கலடா! ஒண்ணுமே கேக்கல!" என்று நான்தான் முதலில் கத்தினேன்.

கால் படகு வித்தியாசத்தில் தோற்றோம்.

கரையேறியதும் இளவரசு துடுப்பைத் தரையில் அறைந்தான். "எவன்டா துடுப்ப மாட்ட வுட்டது?" யாருக்கும் தெரியவில்லை. "பாய், நீ இன்னா கேக்கலன்ன?"

"கொரல் வரல மச்சான். ஆளு சொல்றது ஒண்ணும் என் வரைக்கும் வரல."

"வந்துது மொதலாளி" என்றான் வைத்தி. "பாய்க்கு மூணு தபா சொன்னேன்." என்னைப் பார்த்தான். என் துடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நானே சொல்லட்டும் என்று விட்டிருப்பான்.

"சரி, இங்கியே பாத்துருவோம்" என்றான் இளவரசு. படகு நீளத்துக்குக் கரையில் அடி அளந்தான். ஒரு முனையில் வைத்தி, மறுமுனையில் நான். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. "கத்துடா. பாய்க்குக் கேட்டா அடுத்த வருஷமும் நீ உக்காரு. கேக்கலன்னா பஸ் ஸ்டாண்டோட நிறுத்திக்க."

வைத்தி காலை அகட்டி நின்றான். வயிறு முதுகோடு ஒட்டியது. "ஒண்ணு! மேல எடு!"

வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துறையில் ஸ்ரீதர் தலையைத் தூக்கினார்.

"இன்னா பாய், கேட்டுச்சா?" வைத்தி பக்கத்தில் நின்று இளவரசு சாதாரணக் குரலில்தான் கேட்டான். அதுவும் எனக்குக் கேட்டது.

"கேக்கல" என்றேன்.

"இன்னொரு தபா மொதலாளி" என்றான் வைத்தி. மூச்சை இழுத்தான், கழுத்து நரம்பு கயிறாக எழுந்தது, மறுபடியும் கத்தினான். கத்தி முடித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

"கேக்கல." இரண்டாவது முறை சொல்ல எனக்குச் சுலபமாக இருந்தது.

"அவ்ளோதான் வைத்தி" என்று இளவரசு துடுப்புகளை எடுக்கப் போனான். மற்றவர்களும் போனார்கள்.

"எனக்குக் கேட்டுதுண்ணே" என்று ஒரு குரல். திரும்பினேன். சத்யப்பிரியா. பந்தயம் பார்க்க வந்தவள், எனக்கும் இருபதடி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.