கோல்கீப்பருக்கான பாட்டு

வெல்டரின் உடலை வாசலிலிருந்து தூக்கும் நேரத்தில், பட்டறை ஆட்கள் பதினொரு பேரும் நெஞ்சில் கைவைத்து நின்று அந்தப் பாட்டைத் தொடங்கியபோது, அவர்களோடு வேலைசெய்யும் லேத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அது அவருடைய நாட்டுப் பாட்டு. அங்கே பிறந்து, பிழைப்புக்காக இங்கே வந்தவர் அவர் ஒருவரே; அதன் பொருள் அறிந்தவரும் அவர் ஒருவரே.

கால்பந்துப் போட்டிகளில் அவர் நாட்டு ரசிகர்கள் அரங்கம் அதிரப் பாடும் அந்த இழுத்த மெட்டைக் கேட்டு, பட்டறைத் தொலைக்காட்சியின் முன்னே இவர்கள் ஆண்டுதோறும் உருகினார்கள். வழிபாடு என்றார் ஒருவர். போரில் மாண்டோர்க்கான இரங்கற்பா என்று அடித்துச் சொன்னார் ஃபோர்மேன். பக்கத்தில் நிற்பவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பொருளறியாப் பாட்டுக்குக் கண்ணீர் வடிக்க மனிதருக்குக் கூச்சமே கிடையாது. உண்மையில் அது நையாண்டி. கோலை விட்டுவிட்ட எதிரணிக் கோல்கீப்பரைப் பார்த்துப் பாடுவது.

முதல் ஆண்டே சொல்லியிருக்க வேண்டும். ஆனால், பட்டறை அணியின் கோல்கீப்பரான வெல்டர் அதைக் கேட்டுக் கேட்டுத் தாளில் எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு வந்து, "அண்ணே, உச்சரிப்பு சரியா இருக்கா?" என்று கேட்டபோது, லேத்துக்காரர் சரியென்று தலையாட்டிவிட்டார். தன்னை வழியனுப்பும்போது இதைத்தான் பாடவேண்டும் என்று வெல்டர் ஒருநாள் சொன்னதை எல்லாரும் சிரித்துத் தள்ளினார்கள். பட்டறையில் சிலிண்டர் வெடித்து அவர் இறந்தபின், அதை ஒருவரும் மறக்கவில்லை.

பாடினார்கள். ஒரு சொல்லும் பிசகவில்லை. லேத்துக்காரர் மட்டும் வாய்திறக்கவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பியபின், வெல்டரின் அம்மா லேத்துக்காரரைச் சமையலறைக்கு அழைத்தார்.

"உங்க ஊர்ப் பாட்டாமே, தம்பி. என் புள்ளைக்கு என்ன சொல்லி அனுப்புனீங்க?"

வீரம், தியாகம் என்று ஒரு பொய் நாக்கின் நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்தபின் அதற்குமேல் நகரவில்லை. பாட்டிலிருந்த சிரிப்பை மட்டும் களைந்துவிட்டு, மற்றதை அப்படியே சொன்னார்.

"வீட்டுக்குப் போப்பா, நீ புடிச்சது போதும். அம்மா சோறு போட்டு வச்சிருக்கா, ஆறிப்போவுது. அவ்வளவுதாம்மா."



"ஆறுனா தொடமாட்டான்," என்றார் அம்மா.

விபத்தன்று பட்டறையிலிருந்து திறக்காமலே திரும்பி வந்த சாப்பாட்டு டப்பா, அடுப்பருகே அப்படியே இருந்தது. அதன் மூடிமேல் உள்ளங்கையைப் பதித்துச் சூடு பார்த்தார். பதித்த கையை எடுக்கவில்லை.