வடிவு காலி செய்த வீடு

நதியா ராட்டையில் தறிக்கான நூலைத் தாரில் சுற்றிக்கொண்டிருந்தபோது சுகாதார ஊழியர் வாசலில் வந்து நின்றாள். முகக்கவசத்துக்கு மேலே களைத்த கண்கள் மட்டும் தெரிந்தன.

"உங்க வீட்டுக்காரருக்கு பாசிட்டிவ்மா. தனி ரூம் இருக்குதா?"

நதியா உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிள்ளையார்பாளையத்துச் சந்தில் அவர்கள் வீடே ஒற்றை அறைதான். பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. தறிக்கும் அடுப்புக்கும் நடுவே ஆனந்தகுமார் போர்த்திப் படுத்திருந்தான். அவனை ஒட்டி இரண்டு பெண் குழந்தைகள்.

"இதான்மா ரூம்."

"அப்ப முகாமுக்குத்தான் போவணும். வண்டி வரும்."

எதிர்வீட்டு வடிவு இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தறியில் முகூர்த்தப் புடவை ஒன்று பாதியில் நின்றது. அதன்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினாள். பாத்திரங்களையும் பாயையும் எடுத்துக்கொண்டு, புருஷனோடும் பிள்ளைகளோடும் பக்கத்து வீட்டுக் கலியாணசுந்தரத்திடம் போய்விட்டாள்.

"அவரு என் வீட்ல படுக்கட்டும் நதியா. வண்டி வந்தா தனி வீடு இருக்குதுன்னு சொல்லிக்கலாம். வாசல்ல சோறு வை, உள்ள போவாத."

"புடவை பாதியில இருக்குதேக்கா."

"அது எங்க போவப்போவுது?"

அதன்பின் சந்தில் யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் வடிவு வீட்டுக்குத்தான் போனார்கள். ஒரு வீட்டுக் கஞ்சி, இன்னொரு வீட்டுக் கஷாயம். கலியாணசுந்தரத்தின் வீட்டில் இடம் போதாமல் ஆண்கள் முறை வைத்துத் தூங்கினார்கள். ஒருநாள் காலை ஆனந்தகுமார் ஜன்னலருகே எழுந்து உட்கார்ந்து ரசம் கேட்டான். அதுவரை அழாத நதியா அப்போது அழுதாள்.

அன்று மதியம் அதிகாரி ஆட்களோடு கலியாணசுந்தரத்தின் வாசலுக்கு வந்தார்.

"ஒரே வீட்ல இத்தனை பேரா? இடைவெளின்னா என்னன்னு தெரியாதா?"

"தெரியும் சார்," என்றார் கலியாணசுந்தரம். "அதுக்குத்தான ஒரு வீட்டையே காலி பண்ணிக் குடுத்திருக்கோம்."

அதிகாரி வடிவின் வீட்டை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "நல்ல காரியம்தான் பெரியவரே. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்குதே."

ஆனந்தகுமாரையும் வடிவு வீட்டில் படுத்திருந்த மற்ற இருவரையும் வண்டியில் ஏற்றினார்கள். நதியாவால் கிட்டே போக முடியவில்லை. வண்டி நகர்ந்ததும் சந்தின் வாயில் சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் அடித்தார்கள். சந்து முழுவதற்கும் இருந்த ஒரே குழாய் தகரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

விடிந்ததும் பெண்கள் காலிக்குடங்களோடு வந்து நின்றார்கள். தகரத்தின் மேல் புதிதாக ஒட்டிய சுவரொட்டியில் பசை இன்னும் காயவில்லை. வடிவின் சின்னப் பெண் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "கைகளை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் வந்து, யாரும் பிடிக்காமல், சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது.