அக்சினியா சொன்ன நற்சான்று

வேனிற்காலத்து ஞாயிறு, காலைப் பொழுது. நிஸ்திரு ஆறு, மால்தோவியக் குன்றுகளின் கொடிமுந்திரித் தோட்டங்களை வளைந்து வந்து, நாணல் அடர்ந்த துறையருகே அகன்று அடங்கி, இளவெயிலைத் தன்மேல் தாங்கி ஒழுகிக்கொண்டிருந்தது. திருமுழுக்குப் பெற எழுவர் வெண்ணிற ஆடையுடன் அத்துறையில் நிற்க, அவர்களைச் சூழ்ந்து திருக்கூட்டத்தார் பாட, பின்னே ஊரார் வேடிக்கை பார்க்கத் திரண்டிருந்தனர்.

"ஆத்துல முக்கி எடுத்தா அழுக்குதான் போகும், ஆளு மாறுமா?" என்றான் ஒருவன்.

"உனக்கு அதுவாச்சும் போகட்டும், நீயும் எறங்கு!" என்றான் மற்றொருவன். கரை கலகலத்தது.

எழுவருள் இறுதியாக நின்றவள் சம்பீரா. ஐம்பது அகவை கடந்த அவள், தன்னை மீட்கவே இறைமகன் உயிர் ஈந்தான் என்பதை ஐயமற நம்பினாள். நம்பியதை ஊரறிய வாய்விட்டுச் சொல்லவே வந்திருந்தாள். ஆயினும், ஒன்பதாண்டுகளுக்கு முன் தான் ஆறாத சாம்பலை வைக்கோற்போர் அருகே கொட்டியதையும், களம் முழுதும் எரிந்ததையும், அங்கே புகைபிடித்துப் படுத்திருந்த திரோபிம் மீது பழி விழுந்ததையும், அவன் தலைகுனிந்து ஊரைவிட்டுப் போனதையும் இறைவனிடம் மட்டுமே அழுது சொல்லியிருந்தாள். அண்டை வீட்டு அக்சினியா அவனுடைய தங்கை. அவளிடம் சொல்ல நா எழவேயில்லை.

திருக்கூட்டத்தின் மேய்ப்பர் நிக்கிபோர் அவளை இடுப்பளவு நீருக்கு அழைத்துச் சென்றபின், வழக்கப்படி கரையை நோக்கி, "இந்தம்மா மேல யாருக்காவது குறை உண்டா?" என்று வினவினார்.

ஊரார் நடுவிலிருந்து அக்சினியாவே குரல் கொடுத்தாள்: "குறையா? எங்க அண்ணன் பேரு நாறினப்போ ஊரே எங்க வாசலை மிதிக்கல. இவ ஒருத்திதான் தினம் பால் கொண்டுவந்தா. தங்கமான பொம்பளை!"

அந்தப் புகழுரை சம்பீராவின் நெஞ்சைப் பிளந்தது. வசை கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க அவளால் ஆகவில்லை.

"நம்புறியாம்மா?" என்றார் நிக்கிபோர்.

"நம்புறேன் ஐயா. ஆனா இன்னொண்ணும் சொல்லணும்." அவள் கரைப்பக்கம் திரும்பினாள். "அக்சினியா, களத்துக்குத் தீ வச்சது உங்கண்ணன் இல்ல. நான். ஆறாத சாம்பலைக் கொட்டிட்டு, பயந்து வாயை மூடிக்கிட்டேன். அந்தப் பாலும் அதுக்காகத்தான்."

அக்சினியா நீர்விளிம்பு வரை வந்தாள். "எங்கம்மா பொணத்தைப் பார்க்கக்கூட அவன் வரலடி! இந்தத் தண்ணி அதைத் திருப்பித் தருமா?"

"தராது," என்றாள் சம்பீரா. பிறகு மேய்ப்பர் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "ஐயா, இனி எனக்கு முழுக்கு உண்டா?"

"நல்லவங்களுக்குன்னு ஆண்டவர் வந்திருந்தா நானே இந்தத் தண்ணியில நிக்க முடியாதும்மா," என்ற நிக்கிபோர், அவள் தலையைத் தாங்கி நீரில் ஆழ்த்தி எடுத்தார்.

நீர் ஒழுக எழுந்தவள் கண் திறந்தபோது, அக்சினியா போகாமல் அங்கேயே நின்றிருந்தாள். அவள் முகத்தில் மன்னிப்பு இல்லை.

"நாளைக்குக் காலைல அண்ணன் இருக்கிற ஊருக்கு முதல் பஸ்ஸு. அவன் முன்னாடி நின்னு இதையே சொல்லு. பிந்தினா நான் நிக்க மாட்டேன்."

"வரேன்," என்றாள் சம்பீரா.

இறைவன் தன்னை ஏற்றுக்கொண்டான் என்பதில் அவளுக்கு அப்போதும் ஐயமில்லை. அந்த மகிழ்ச்சியால் அழுதாள். திரோபிமை நினைத்தும் அழுதாள். விலையின்றி வந்த மீட்பு அவளைக் கரையேற்றியது. ஒன்பதாண்டுகளாக அவள் நடக்க அஞ்சிய வழி அந்தக் கரையிலிருந்தே தொடங்கியது.